மக்காச்சோள எத்தனால் ஆலைக்கு ஒப்பந்தம்: 2008 ஜனவரி கணக்கு எதற்கு? அரசு விதியா, ஆலை விதியா?

கேள்வி: சோளக்காடு_பெரம்பலூர்

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் 400 உறுப்பினர்கள் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எங்களுடையது. பெரும்பாலும் கரிசல் மண், மானாவாரி. புரட்டாசி மழையில் மக்காச்சோளம், பருத்தி போடுகிறோம். கிணறு உள்ள சிலர் மட்டும் இறவையில் வீரிய ரகம் போடுகிறார்கள்.

தானிய எத்தனால் ஆலை ஒன்று மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்குக் கேட்டிருக்கிறது. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் கூடவே ஒரு படிவமும் வந்திருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் சர்வே எண்ணோடு, ‘2008 ஜனவரிக்குப் பிறகு இந்த நிலம் காட்டையோ ஈரநிலத்தையோ அழித்து உழவுக்குக் கொண்டுவரப்பட்டதல்ல’ என்று கையெழுத்திட வேண்டுமாம்.

கேட்க விரும்புவது இவைதான். இந்தப் படிவம் இந்திய அரசின் விதியா? எத்தனாலுக்கு மக்காச்சோளம் கொடுப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஆலைக்காரர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை? உறுப்பினர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல எண்கள் வேண்டும். கையெழுத்திடுவதாக இருந்தால் எந்தெந்த ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும், எங்கே சிக்கல் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: கொள்கைக்கோப்பு

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, அது இந்திய அரசின் விதி அல்ல. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு, ‘எந்த நிலத்தில் விளைந்தது, எவ்வளவு கரியமில வாயு மிச்சம்’ என்று கேட்கும் கட்டாயச் சான்று நம் நாட்டில் இன்று கிடையாது.

2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. 2022இல் திருத்தி, இலக்கை 2025-26க்கு முன்னே கொண்டுவந்தார்கள். அந்தக் கொள்கையில் உணவுப் பயிருக்கு இருக்கும் ஒரே பெரிய தடுப்பு, உபரி தானியத்தை எத்தனாலுக்கு விடலாமா என்பதைத் தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு முடிவு செய்யும் என்பதுதான். அதாவது அரசு பார்ப்பது கையிருப்பை. மண், நீர், காடு இவற்றின் கணக்கு அதில் வராது.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்று பாருங்கள். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 7இல், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று சர்க்கரை ஆலைகளுக்கு உத்தரவு போனது. ஒரு வாரம் கழித்து 17 லட்சம் டன் சர்க்கரை அளவுக்குத் திருப்பிவிடலாம் என்று தளர்த்தினார்கள். அரிசியும் இல்லை, சாறும் குறைவு என்றால் ஆலைகள் எங்கே போகும்? மக்காச்சோளத்துக்குத்தான். அதற்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று மற்ற எல்லா மூலப்பொருளையும்விட அதிக விலை வைத்தது அரசு. உங்கள் ஊருக்கு ஆலைக்காரர் வந்ததற்குப் பின்னால் இருப்பது இந்த விலைப்பட்டியல்.

2024 ஆகஸ்டில் சாறு, அரிசி இரண்டுக்கும் மறுபடி வழி திறந்தார்கள். 2025 ஜனவரியில் உணவுக் கழக அரிசியின் விலையை எத்தனால் ஆலைகளுக்குக் குவிண்டால் 2,800இலிருந்து 2,250 ஆக இறக்கினார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடும்போது இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள், ஏனென்றால் ஆலை இரண்டு தானியத்தையும் ஒரே தொட்டியில் நொதிக்க முடியும். ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர். 71.86 ரூபாய்க்கு 27,300 ரூபாய் வரும். 2025-26 ஆதார விலையான 2,400க்கு வாங்கினால் கையில் நிற்பது லிட்டருக்கு 8.70 ரூபாய். ஒரு டன் அரிசியில் 450 லிட்டர். 58.50 ரூபாய்க்கு 26,300. அந்த 2025 ஜனவரி விலைப்படி அரிசிக்கு 22,500 போக லிட்டருக்கு 8.50. (தீவனத் துணைப்பொருள் வருமானம் இரண்டுக்கும் தனி.) கிட்டத்தட்ட சமம். அரிசி அரசுக் கிடங்கிலிருந்து ஒரே தரத்தில், ஒரே விலையில் வருகிறது. ஆகவே மக்காச்சோளம் 2,400ஐத் தாண்டினால் ஆலை அரிசிப் பக்கம் சாயும். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் மக்காச்சோளம் ஆதார விலைக்கு வெகு கீழே போய் விவசாயிகள் தெருவுக்கு வந்ததை மறக்கக் கூடாது.

இன்னொன்று. 2025-26க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் கொடுத்த விலைப்புள்ளி 1,776 கோடி லிட்டருக்கு. ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 72 சதவீதம் தானிய எத்தனால். தேவையைவிட ஆலைத் திறன் கூடிவிட்டதால் எந்த ஆலையும் முழு ஓட்டம் ஓடப் போவதில்லை. ஒப்பந்தத்தில் ‘ஆலை குறைந்தபட்சம் இத்தனை டன் எடுத்தே தீர வேண்டும், எடுக்காவிட்டால் இவ்வளவு ஈடு’ என்ற வரி இல்லை என்றால் அது உங்களை மட்டும் கட்டும் ஒப்பந்தம்.

சரி, படிவம் எங்கிருந்து வந்தது? மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நெறிமுறை. 2008 ஜனவரியில் காடாகவோ ஈரநிலமாகவோ பல்லுயிர் மிகுந்த புல்வெளியாகவோ இருந்த நிலத்தை அழித்து விளைவித்த பயிரின் எரிபொருளை அங்கே புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. 2021 ஜனவரி முதல் இயங்கத் தொடங்கிய ஆலை என்றால், பெட்ரோலோடு ஒப்பிட்டு 65 சதவீத உமிழ்வுக் குறைப்பைக் காட்ட வேண்டும். உணவு, தீவனப் பயிர்களுக்கு மொத்தத்தில் 7 சதவீத உச்சவரம்பு. பனை எண்ணெய் போல் காட்டுக்குள் விரியும் பயிர் 2030க்குள் கணக்கிலிருந்து முற்றாக வெளியே. பிரிட்டனில் பயிர் உச்சவரம்பு இன்னும் இறுக்கம். 2018இல் 4 சதவீதம், அது படிப்படியாக இறங்கி 2032இல் 2 சதவீதம்.

இந்திய ஆலைக்கு அது ஏன் தேவை? பெரும்பாலும் விமான எரிபொருள்தான் காரணம். சர்வதேசப் பயணங்களுக்கு 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 சதவீதம் நிலைத்த விமான எரிபொருள் (எத்தனாலிலிருந்தும் தயாரிக்கக்கூடிய, உமிழ்வு குறைந்த மாற்று எரிபொருள்) என்று நம் அரசே இலக்கு சொல்லியிருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் திட்டத்திலும் அதே 2008 ஜனவரி வரம்பு உண்டு. ஆலை அந்தச் சந்தைக்கு இப்போதே தயாராகிறது. அப்படியானால் உங்கள் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைத் தனியாகக் கேளுங்கள், மக்காச்சோள விலையோடு கரைத்துவிட விடாதீர்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மூலப்பொருள் வாரியாக லிட்டர் விலையைப் பைசா சுத்தமாக நிர்ணயிக்கும் அரசுக்கு, உமிழ்வு வாரியாகவும் நிர்ணயிப்பது கடினமில்லை. வட்டி மானியம் கொடுக்கும்போதும், 2021இல் கழிவுநீர் வெளியேற்றாத தானிய எத்தனால் ஆலைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லாத பிரிவைத் தந்தபோதும் இந்த நிபந்தனையை வைத்திருக்கலாம். வைக்காமல் விட்டது பெரிய இழப்பு.

---

பதில் 2: பாய்லர்_ஹவுஸ்

இரண்டாவது கேள்விக்கு எண்கள். தானிய எத்தனால் நல்லதா கெட்டதா என்பதை ஆலையின் பாய்லரில் என்ன எரிகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். வயலை அடுத்ததாகப் பாருங்கள்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 21 மெகா ஜூல். பெட்ரோலுக்கு ஐரோப்பியக் கணக்கில் மெகா ஜூலுக்கு 94 கிராம் கரியமில வாயு. ஆக, ஒரு லிட்டர் எத்தனால் ஈடுகட்டுவது 1.97 கிலோ. நம் செலவு இதற்குள் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வயல்: இறவை வீரிய மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து. அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாக மண்ணிலிருந்து போகும் என்று வைத்தால், கரியமில வாயுக் கணக்கில் சுமார் 1,040 கிலோ. யூரியா தயாரிப்பும், அது மண்ணில் கரைந்து வெளிவிடுவதும் சேர்ந்து கிலோ தழைச்சத்துக்குச் சுமார் 4 கிலோ, அதாவது 1,000 கிலோ. ஹெக்டேருக்கு 6 டன் விளைந்தால் 2,280 லிட்டர். லிட்டருக்கு 0.89 கிலோ.

ஆலை: மாவரைத்து, மாவுச்சத்தை நொதியால் சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, வடித்து, மூலக்கூறு சல்லடையில் 99.6 சதவீதத்துக்கு நீர் நீக்கி, மிச்சக் கரைசலை ஆவியாக்கி, சக்கையை உலர்த்துவது வரை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 4 கிலோ நீராவி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு நிலக்கரி ஒரு கிலோவுக்கு நாலரை கிலோ நீராவி. 0.9 கிலோ நிலக்கரி, 1.35 கிலோ கரியமில வாயு.

இந்தச் சுமை முழுவதும் எத்தனாலின் தலையில் விழாது. தீவனமாகப் போகும் உலர்சக்கைக்கு அதன் ஆற்றல் விகிதப்படி 40 சதவீதம் ஒதுக்கலாம். அப்படிப் பார்த்தால் வயலுக்கு 0.54, நிலக்கரிக்கு 0.80, போக்குவரத்து, நொதிப்பொருள் முதலியவற்றுக்கு 0.10. மொத்தம் 1.44. பெட்ரோலைவிட மிச்சம் 27 சதவீதம்தான். அதே ஆலை நெல் உமியில் ஓடினால் நிலக்கரிக் கணக்கு கழிந்து 0.64, மிச்சம் 67 சதவீதம். ஒரே சோளம், ஒரே வயல்.

எத்தனாலுக்குப் போன தானியத்துக்குப் பதிலாக வேறெங்கோ புது நிலம் உழப்படும் என்ற மறைமுக விளைவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தானியங்களுக்கு வைத்திருக்கும் உத்தேச மதிப்பு மெகா ஜூலுக்கு 12 கிராம். லிட்டருக்கு 0.25 கிலோ. அங்கே இது அறிக்கையில் மட்டும் வரும், 65 சதவீத வரம்பில் சேராது. சேர்த்துப் பார்த்தால் நிலக்கரி ஆலை 14க்கு இறங்கும், உமி ஆலை 55இல் நிற்கும். எண்ணெய் வித்துகளுக்கு அந்த மதிப்பு 55 கிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிரிலிருந்து வரும் டீசல் ஏன் அதிகம் அடி வாங்குகிறது என்று புரியும்.

இவை கைக்கணக்கு. ஆலைக்கு ஆலை நீராவிச் செலவு மாறும், மானாவாரியில் உரம் மிகக் குறைவு, விளைச்சலும் குறைவு. ஆனால் நிலக்கரிக்கும் உமிக்கும் உள்ள இடைவெளி மாறாது.

உமி பாய்லர் வைத்திருக்கிறோம் என்று ஆலை சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. குழாய்களை அரித்துத் தேய்க்கும், கட்டி கட்டும், சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். உமி விலை ஏறினாலோ குழாய் வெடித்து நின்றாலோ சத்தமில்லாமல் நிலக்கரி உள்ளே வரும். ஆகவே கடந்த 12 மாத எரிபொருள் கொள்முதல் பட்டியலைக் கேளுங்கள், எடைமேடை ரசீதோடு. தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது தழைச்சத்து. இலைவண்ண அட்டை வைத்து மூன்று தவணையாகப் பிரித்துப் போட்டு, விளைச்சல் குறையாமல் ஹெக்டேருக்கு 250ஐ 200 ஆக்கினால் வயல் சுமை 0.54இலிருந்து 0.43க்கு வரும். உரச் செலவும் மிச்சம். தேதி, அளவு, ரசீது மூன்றும் இருந்தால்தான் அது கணக்கில் ஏறும்.

---

பதில் 3: ஏரிமதகு

தண்ணீர்க் கணக்கை யாரும் தொடவில்லை. சுருக்கமாக ஒரு ஏக்கருக்கு:

கரும்பு 40 டன், டன்னுக்கு 70 லிட்டர், 2,800 லிட்டர் எத்தனால். 2,000 மில்லிமீட்டர் நீர் குடித்தால் 81 லட்சம் லிட்டர். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,890 லிட்டர் நீர். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்லும் 2,860உம் இதை ஒட்டித்தான் இருக்கிறது.

நெல் 2.4 டன், அரிசி 1.6 டன், 720 லிட்டர். 1,200 மில்லிமீட்டர் நீர். லிட்டருக்கு 6,700.

மக்காச்சோளம் 3 டன், 1,140 லிட்டர். 550 மில்லிமீட்டர் நீர். லிட்டருக்கு 1,950.

மானாவாரியில் அந்த 550 மழையிலிருந்து வருகிறது, விளைச்சலுக்கு ஏற்ப லிட்டர் கணக்கு கூடினாலும் கிணற்று நீர் சுழியம். எத்தனாலுக்கு நல்ல விலை என்று கரிசலில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கோடையில் இரண்டாம் போகம் மக்காச்சோளம் எடுக்கத் தொடங்கினால் அந்தக் கணக்கு அன்றே முடிந்தது. உங்கள் பிர்கா நிலத்தடி நீர் மதிப்பீட்டில் எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்து, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பிர்கா என்றால் கோடைப் போகத்தை ஒப்பந்தத்துக்கு வெளியே வையுங்கள். உணவுக் கழக அரிசி எத்தனாலைத்தான் நீர்க் கண்ணோட்டத்தில் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

---

பதில் 4: தீவனக்கணக்கு_நாமக்கல்

சோளக்காடு சார், உங்கள் மக்காச்சோளத்தின் பழைய வாடிக்கையாளர்கள் பக்கத்திலிருந்தும் கேளுங்கள்.

முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீவனம் எடுக்கும். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். எத்தனால் வந்த பிறகு நாடு மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்யும் நிலையிலிருந்து மியான்மர், உக்ரைனிலிருந்து இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. மரபணு மாற்றிய சோளத்துக்கு அனுமதி இல்லை, ஒதுக்கீட்டுக்கு மேல் இறக்குமதி வரி 50 சதவீதம். அதனால் உள்ளூர் விலை ஏறும்போது தீவன ஆலைக்குத் தப்பிக்க வழியில்லை. விவசாயிக்கு விலை கிடைப்பது நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கொள்கை வகுப்பவர்கள் கோழி, மாட்டுத் தீவனத்தை ‘உணவு’ என்று எண்ணுவதே இல்லை. உபரி என்று குழு முடிவு செய்யும்போது கணக்கில் வருவது அரசுக் கிடங்கில் இருக்கும் அரிசி. தீவனச் சந்தையை யார் பார்க்கிறார்கள்?

மேலே சொன்ன 40 சதவீத ஒதுக்கீடு அந்த உலர்சக்கை உண்மையிலேயே தீவனமாகப் பயன்பட்டால்தான் செல்லும். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 300 கிலோ சக்கை, புரதம் 26 முதல் 30 சதவீதம். மாவுச்சத்து போய்விட்டதால் மிச்சம் எல்லாம் மூன்று மடங்கு செறிவாகிறது. புரதத்தோடு பூஞ்சண நச்சும்தான். அஃப்ளாடாக்சின் நொதித்தலிலோ வடிப்பிலோ அழியாது. நூறு கோடியில் 20 பங்கு உள்ள சோளம் ஆலைக்குள் போனால் வெளியே வரும் சக்கையில் 60. கோழித் தீவனத்துக்கு வரம்பே 20. நச்சுப் பிடிப்பான் சேர்த்தாலும் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் அந்தச் சக்கையைக் கலக்க முடியாது. கறவை மாட்டுக்குப் போனால் பாலில் இறங்கும்.

‘எத்தனாலுக்குத்தானே, பூசணம் பிடித்ததையும் எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஆலை சொல்லலாம். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் அறுவடை சிக்கினால் மணி 25 சதவீத ஈரத்தோடு களத்துக்கு வரும். கதிரோடு குவித்து மூடி வைப்பதுதான் நச்சு உருவாகும் இடம். உரித்ததும் உலர்களத்தில் மெல்லிய பரப்பாகப் போட்டு 14க்குக் கொண்டுவாருங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பு வைப்பதானால் 12. ஈரமானி ஒன்று, முடிந்தால் நடமாடும் உலர்த்தி ஒன்று, நிறுவனத்தின் பெயரில் வாங்குங்கள். உடைந்த மணி, பூசண மணியைச் சலித்துத் தனியே வையுங்கள். ஒப்பந்தத்தில் நச்சு அளவுக்கும் சோதனை வேண்டும் என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள். நல்ல சோளம் கையில் இருந்தால் ஆலை எடுக்காத நாளில் நாமக்கல் எடுக்கும். பூசணச் சோளத்துக்கு இரண்டாவது சந்தை கிடையாது.

---

பதில் 5: தணிக்கைத்தாள்

ஆவணங்களைப் பற்றி. ஆலை எந்தச் சான்றுத் திட்டத்தில் இருக்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் ஐ.எஸ்.சி.சி. என்ற சர்வதேச நிலைத்தன்மைச் சான்றுத் திட்டமாக இருக்கும். அதில் ஒவ்வொரு விவசாயியும் தனிச் சான்று வாங்க வேண்டியதில்லை. விளைபொருளை முதலில் வாங்கிச் சேர்க்கும் இடம்தான் சான்று பெறும். அது ஆலையாகவும் இருக்கலாம், உங்கள் நிறுவனமாகவும் இருக்கலாம். உங்கள் பெயரில் வாங்கினால் செலவு உங்களுடையது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எந்த ஆலைக்கும் விற்கலாம். ஆலையின் பெயரில் இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. 400 பேர் இருக்கும் நிறுவனம் தன் பெயரில் வாங்குவதுதான் சரி.

தணிக்கையில் எல்லா வயலுக்கும் வர மாட்டார்கள். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு மாதிரி எடுப்பார்கள், 400க்கு 20. இடர் கூடுதல் என்று பட்டால் அதைப் பெருக்குவார்கள். எந்த 20 என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே 400 கோப்பும் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு கோப்பில்: கையெழுத்திட்ட சுய அறிவிப்பு, பட்டா, சிட்டா, நடப்பு அடங்கல், வயலின் எல்லைப் புள்ளிகள் (கைப்பேசியில் நான்கு மூலையும் நடந்து எடுத்தால் போதும்), பயிரிட்ட பரப்பு, விதைப்பு, அறுவடைத் தேதி, உர, மருந்து ரசீது, விற்ற மூட்டை எண்ணிக்கை. 2008க்கு முந்தைய நிலப் பயன்பாட்டுக்குப் பசலி 1417 அடங்கல் நகலைக் கிராம நிர்வாக அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். அது 2007 ஜூலை முதல் 2008 ஜூன் வரையிலான ஆண்டு. கிடைக்காத ஊர்களும் உண்டு. அப்போது பழைய செயற்கைக்கோள் படம் கைகொடுக்கும். அடங்கல் கையில் இருந்தாலும் படத்தையும் சேருங்கள், தணிக்கையாளர் முதலில் திறப்பது அதைத்தான்.

சிக்கல் வரும் இடங்கள். ஒன்று, வாய்மொழிக் குத்தகை. பட்டா ஒருவர் பெயரில், உழவர் வேறொருவர். அறிவிப்பில் கையெழுத்திட வேண்டியது பயிர் செய்பவர். நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் கூடவே வேண்டும், அதை எழுதித் தர அவர்கள் தயங்குவார்கள். இப்போதே பேசி வையுங்கள். இரண்டு, விளைச்சல் பொருத்தம். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் கணக்கில் 90 மூட்டை விற்றதாக இருந்தால் தணிக்கையாளர் அங்கேயே நிறுத்துவார். பக்கத்து வயல் சோளத்தை உறுப்பினர் பெயரில் ஏற்றுவதை அது காட்டிக்கொடுக்கும். மூன்று, கலப்பு. சான்றுள்ளதும் இல்லாததும் ஒரே கிடங்கில் இருக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு சரிபார்க்கும்போது சான்றோடு விற்ற அளவு சான்றோடு வந்த அளவைத் தாண்டக் கூடாது. ஈரம் 18இல் வாங்கி 14இல் விற்றால் எடை குறையும். அந்தக் குறைவையும் பதிவேட்டில் எழுதாவிட்டால் கணக்கு உதைக்கும்.

---

சோளக்காடு_பெரம்பலூர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எங்களில் சிலரின் பட்டா நிலம் பல காலம் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் மூடியிருந்தது. 2012க்குப் பிறகு பொக்லைன் வைத்துப் பெயர்த்துத்தான் உழுதார்கள். அது ‘காட்டை அழித்தது’ ஆகுமா? சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதே நம் ஊர்தானே.

---

தணிக்கைத்தாள்:

ஆகலாம். அந்த ஐரோப்பிய நெறிமுறைக்கு மரம் நாட்டு மரமா அயல் மரமா என்பது பொருட்டில்லை. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரம் அல்லது அந்த உயரத்தை எட்டக்கூடிய மரம், மேல்பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் நிழல்மூடல். 2008 ஜனவரியில் மூன்றும் பொருந்தினால் அது காடு. 10 முதல் 30 சதவீதம் மூடல் என்றால் நிலத்தின் கரிம இருப்பைக் கணக்கிட்டுக் காட்டினால் தப்பலாம், செலவு பிடிக்கும். அங்கங்கே புதராக நின்ற இடம் என்றால் காடு என்ற வரையறையில் வராது. புல்வெளியாகக் கிடந்ததா என்று மட்டும் தனியே பார்ப்பார்கள்.

செய்ய வேண்டியது: அந்த சர்வே எண்களுக்கு 2008 ஜனவரியை ஒட்டிய கோடைப்படம் ஒன்று, மழைக்காலப் படம் ஒன்று எடுங்கள். கோடையிலும் சீமைக்கருவேலம் இலை உதிர்க்காமல் பச்சையாகத் தெரியும், அதனால் மூடலைக் கோடைப்படத்தில்தான் சரியாக எண்ண முடியும். இரண்டரை ஏக்கருக்கு மேல் தொடர்ச்சியாக அடர்ந்திருந்தால் அந்த எண்களைச் சுய அறிவிப்பில் சேர்க்கவே வேண்டாம். ஒரே உறுப்பினரின் மற்ற வயல்கள் சேரலாம், ஆனால் பரப்பையும் மூட்டைக் கணக்கையும் பிரித்து எழுத வேண்டும். விலக்கிய வயலின் சோளத்தைச் சான்றில்லாத கணக்கில் தாராளமாக விற்கலாம். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு அதை யாரும் கேட்கப் போவதில்லை, தீவன ஆலைக்கும் தடையில்லை.

அரசின் ஊக்கத்தால் அகற்றியது என்று கடிதம் கொடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தணிக்கையாளரிடம் அதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் கிடையாது, ஒரு பொய் அறிவிப்பு மாதிரியில் சிக்கினால் 400 பேரின் சான்றும் நிறுத்தி வைக்கப்படலாம்.